பழைய சாமியாரைக் கொண்டுபோய் விட்டு வந்த நாள்

காலை ஆறரை மணிக்கு நான் போய் நின்றபோது மரியதாஸ் சாமி ட்ரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய புத்தக மூட்டை, ஒரு குடை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஐந்து வருஷம் எங்கள் ஆலத்தோப்புக்குப் பங்குத்தந்தையாக இருந்தவரின் மொத்தச் சாமானும் அவ்வளவுதான்.

"எங்க சூசை, மத்தவங்க?"

"வருவாங்க சாமி."

வரமாட்டார்கள் என்று எனக்கு முந்தின நாளே தெரியும். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆலத்தோப்பு நன்னிலத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எங்கள் மறைமாவட்டத்தில் சாமியார்களுக்கு மாற்றல் வருஷத்துக்கு ஒரு தரம், மே மாதக் கடைசியில் வரும். பட்டியல் தஞ்சாவூரில் ஆயர் இல்லத்திலிருந்து வெளியாகும். பிறகு குறித்த ஒரே நாளில் எல்லாரும் இடம் மாறவேண்டும். ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கிற எந்தப் பங்கும் ஓர் இரவுகூட ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்பதற்காக அப்படி. அன்றைக்கு ஒவ்வொரு ஊரும் தன் சாமியாரை வேன் வைத்து, பஸ் வைத்து, புது ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாமியார் வீட்டில் விடுகிற மாதிரிதான். அந்த ஊர்க்காரர்கள் வரவேற்று, விட வந்தவர்களுக்கு முதல் பந்தி போட்டுச் சாப்பிடவைத்து அனுப்பவேண்டும். இதற்கு முன்பிருந்த சாமியாரை நாங்கள் இரண்டு பஸ்ஸில் கொண்டுபோய் விட்டோம். இடம் போதாமல் நான் படியில் தொங்கிக்கொண்டு போனேன்.

அந்த இரண்டு பஸ்ஸில் வந்தவர்கள் இன்றைக்குக் குவைத்தில் இருக்கிறார்கள், துபாயில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார்கள். மிச்சம் பேர் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இந்த முறையும் வேன் பேசத்தான் செய்தோம். வேனுக்கு ஆள் சேரவில்லை. பஸ்ஸிலேயே போகலாம் என்றால் ஒருத்தருக்கு விசா விஷயமாகச் சென்னை போக வேண்டியிருந்தது, ஒரு அம்மாவுக்குச் சவூதியிலிருந்து மகன் போன் பண்ணுகிற நாள், கடைசியில் டீக்கடை ஆல்பர்ட்டுக்கு வயிற்றுப்போக்கு. போகாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. என் மகன் குவைத்தில். மனைவி செல்வி மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போனவள். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டால் கேட்க யாரும் இல்லை.

கோயிலையும் சாமியார் வீட்டையும் பூட்டினேன். கோயில் சாவி அரை முழ நீளம் இருக்கும் பழைய இரும்புச் சாவி. வீட்டுச் சாவியும் அதே கயிற்றில்தான் தொங்கும். போகிற வழியில் ஆரோக்கியமேரி அக்காவிடம் கொடுத்துவிடவேண்டும் என்று மனசுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டு இடுப்பில் செருகினேன். ஆரோக்கியமேரி அக்காதான் மிச்சமிருக்கிற பெண்களுக்குத் தலைவி. புதுச்சாமியாரைச் சாயங்காலம் வரவேற்கிற பொறுப்பு அவருடையது. அதற்குள் முக்கத்தில் டவுன் பஸ் ஹார்ன் அடித்தான். ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எட்டு மணிக்கு நன்னிலத்தில் திருவாரூர் பஸ் பிடித்தோம். ஆளுக்கு மூன்று ரூபாய். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சாமி, பொட்டிக்கும் டிக்கெட் போடணும். ஒங்களவிட அதுதான் வெயிட்டா இருக்கு" என்றார். சாமி சிரித்துக்கொண்டே கொடுத்தார். திருவாரூரில் தஞ்சாவூர் பஸ். பதினொரு ரூபாய் டிக்கெட், ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வழியெல்லாம் வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. வெட்டாற்றில் மணலுக்கு மேல் ஆடுகள் படுத்திருந்தன. வயலில் ஆள் நடமாட்டமே இல்லை. இந்த மாதத்தில் எப்போதும் அப்படித்தான் என்றாலும், அன்றைக்கு அது என் கண்ணுக்கு வேறு மாதிரி பட்டது.

எனக்கு ஒரு பயம் இருந்தது. பட்டியல் வந்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. ஆலத்தோப்புப் பங்கை எடுத்துவிட்டு, பக்கத்து வேலங்குடிப் பங்கோடு ஒட்டப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. என் சின்ன வயதில் நாங்கள் வேலங்குடியின் கிளைக்கிராமமாகத்தான் இருந்தோம். மாதத்துக்கு ஒரு தரம் சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். கல்யாணமோ சாவோ எதுவானாலும் வேலங்குடிக்காரன் வாசலில் போய் நிற்கவேண்டும். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் ஆயர் இல்லத்துக்கு நடையாய் நடந்து தனிப்பங்கு வாங்கினார்கள். அது என் காலத்தில் போய்விடுமோ என்பதுதான் கவலை. ஆல்பர்ட் ஒரு கணக்கு வைத்திருந்தான். "புதுச்சாமி கட்டிலு பொட்டியோட வந்தா பங்கு இருக்கு. கைப்பையோட வந்தா அவ்ளோதான், முடிஞ்சுது" என்றான். அவன் ஐந்தாவதுகூட முடிக்காதவன், நான் ஆறாவதோடு நின்றவன். ஆனாலும் அந்தக் கணக்கு என் மண்டையிலேயே நின்றுவிட்டது.

கொரடாச்சேரியில் ஒரு பாய் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் மடக்கிய பை. சிங்கப்பூர் போகிற மருமகனைத் திருச்சி ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போகிறாராம். சாமியின் அங்கியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊர விட்டுப் போறீங்களா சாமி? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல பாய். மாத்தல்."

"யாரு மாத்துறது? எங்கள்ள ஜமாஅத்து கூடித்தான் இமாம வைக்கும். பிடிக்கலன்னா ஜமாஅத்தே அனுப்பிடும். உங்கள வச்சது ஊருதானே?"

"ஊரு வைக்கல. ஆயர் வச்சார், ஆயர் எடுக்கிறார்" என்றார் சாமி. "எனக்குப் பட்டம் கொடுத்தப்ப ரெண்டு கையையும் சேத்து ஆயர் கைக்குள்ள வச்சேன். 'எனக்கும் எனக்குப் பின்னால வர்ற ஆயர்களுக்கும் கீழ்ப்படிவாயா'ன்னு கேட்டார். 'படிவேன்'னேன். அவ்வளவுதான். போன்னா போகணும்."

"கவர்மெண்டு உத்தியோகம் மாதிரின்னு சொல்லுங்க."

"கலெக்டரக் கொண்டுபோய் விட ஊர்க்காரன் அழுதுக்கிட்டு வரமாட்டானே."

பாய் என்னைப் பார்த்தார். "இவரு மட்டுந்தான் அழ வந்தாரா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாமி பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பல பங்குகள் சேர்ந்தது ஒரு மறைவட்டம், அதற்கு ஓர் அதிபர். அவரும் ஒரு பங்குச்சாமியார்தான், கூடுதலாக இந்தப் பொறுப்பு. புதுச்சாமியார் வந்ததும் கோயில் சாவியைக் கையில் கொடுத்துப் பொறுப்பில் வைப்பவர் அவர். மறைவட்டங்கள் சேர்ந்தது மறைமாவட்டம், அதற்கு ஆயர். ஆயருக்குத் துணையாக ஒரு முதன்மைக்குரு, கணக்குக்கு ஒரு பொருளாளர், யோசனை சொல்லக் குருக்கள் மன்றம்.

நான் விடவில்லை. "சாமி, ஒரு பங்க ஆயர் நெனச்சா எடுத்துட முடியுமா?"

"ஆயர்தான் பங்கு கொடுக்கலாம், எடுக்கலாம். வேற யாராலயும் முடியாது. ஆனா குருக்கள் மன்றத்தக் கேக்காம அவரும் செய்ய முடியாது."

"நம்ம பங்கப் பத்திக் கேட்டாங்களா?"

"சூசை, நான் எங்க போகணும்னு மட்டுந்தான் எனக்குச் சொன்னாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "குவைத்துல இருக்கிறவன் எந்தப் பங்கு சாமி? அவனயும் நம்ம ஊருக் கணக்குல வைப்பாங்களா?"

சாமி, திருச்சபைச் சட்டப் புத்தகத்தில் இருப்பதை எனக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தார் போலிருக்கிறது. "போன இடத்துல அஞ்சு வருஷம் ஆயிட்டா அந்த ஊர்ப் பங்கும் அவனுக்குச் சொந்தம்தான். ஆனா பழைய ஊரு தானா விட்டுப் போகாது. இனிமே திரும்பி வர்றதில்லங்கிற எண்ணத்தோட கெளம்புனாத்தான் விட்டுப் போகும்."

"எண்ணத்த யாரு பாக்க முடியும்?"

"அதான் சிரமம்" என்றார் சாமி.

"எங்க பள்ளிவாசல்லயும் வெள்ளிக்கிழமை ரெண்டு வரிசை நெறைய மாட்டேங்குது" என்றார் பாய், யாரிடமும் என்றில்லாமல். "கட்டடம் மட்டும் நல்லாருக்கு. துபாய்க் காசு."

ஒன்பதரை மணி வாக்கில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டான். இந்தக் கேட்டைத் தெரியாதவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்க முடியாது. மூடினால் எப்போது திறப்பான் என்பது கேட்காரனுக்கே தெரியாது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னல் ஜன்னலாக வந்தார்கள். அன்றைக்குக் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாமியார் வேன்கள். முன்கண்ணாடியில் மாலை போட்ட மாதா படம், உள்ளே பட்டுப்புடவைப் பெண்கள், பாட்டு. எங்களுக்கு முன்னால் நின்ற வேனிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, ஜன்னலில் அங்கியைப் பார்த்து ஓடிவந்தார்.

"தோத்திரம் சாமி! நீங்களும் மாத்தலா? ஒங்க ஊரு சனம் எந்த வண்டில வருது?"

சாமி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பின்னால வேன்ல வர்றாங்கம்மா. டயர் பஞ்சர்."

சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. வெள்ளரிப்பிஞ்சில் ஒரு துண்டை ஒடித்து என் கையில் கொடுத்தார்.

ரயில் போய்க் கேட் தூக்கினான். இரண்டு பக்கமும் வண்டிகள் ஒரே நேரத்தில் புகுந்து தண்டவாளத்தின் மேலேயே மாட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஜன்னலை உரசுகிற மாதிரி எதிரே ஒரு வேன். முன்சீட்டில் ஓர் இளவயதுச் சாமியார், கண்ணாடி போட்டவர், கழுத்தில் வாடிய மாலை. மரியதாஸ் சாமி கையை வெளியே நீட்டி, "இருதயராஜ்!" என்று கத்தினார். அவரும் எட்டிக் கையைப் பிடித்தார்.

"சூசை, இவருதான் ஒங்க புதுச்சாமி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம்தான் வருவார் என்று இருந்தோம். "சீக்கிரமா கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பணும்னு எங்க சனம் அவசரப்படுது" என்றார் அவர். வேன் நிறைய ஆட்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டே இருந்தார். நான் கும்பிட்டேன். ஆனால் கும்பிடும்போதே என் கண் வேனின் கூரைக்குப் போயிற்று. கட்டில் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா? எங்கள் ஜன்னலின் குறுக்குக் கம்பி மறைத்தது. குனிந்து பார்த்தேன். அதற்குள் ஹார்ன், திட்டு, கண்டக்டர் விசில். வேன் கிழக்கே போய்விட்டது. நாங்கள் மேற்கே நகர்ந்தோம்.

"மேல சாமான் இருந்துச்சா சாமி?"

"நான் மூஞ்சியத்தான் பாத்தேன்" என்றார் அவர்.

தஞ்சாவூரில் பாய் இறங்கும்போது சாமியின் பெட்டியை ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். டீ குடித்தோம். வல்லம் போகிற பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் இரண்டு ரூபாய். ஊரைத் தாண்டியதும் மண் நிறமே மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்துக் களிமண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் செம்மண் கூசியது. வாய்க்கால் இல்லை, முந்திரியும் தைலமரமும்தான். வல்லத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே செங்கரட்டுப்பட்டி. சாமியை அழைத்துப்போக அங்கிருந்து இரண்டு பையன்கள் வண்டியோடு நின்றார்கள். பெட்டியையும் சாமியையும் ஏற்றிக்கொண்டு, என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஊர் எல்லையிலேயே பேண்டு வாத்தியம். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஊரே திரண்டிருந்தது. இத்தனை ஆண்களை ஓர் இடத்தில் பார்த்து எனக்கு நாளாயிற்று. இருபது வயதுப் பையன்கள் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்குப் பேரவைத் தலைவர் சவரிமுத்து என்பவர் மாலையோடு வந்தார்.

"வாங்க வாங்க. ஒங்க ஊரு வண்டி பின்னாடி வருதுங்களா?"

நீடாமங்கலத்தில் சொன்ன பொய் இங்கே செல்லாது. "நான் மட்டுந்தாங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார். தூசிதான் இருந்தது.

பந்தலுக்குள் கூட்டிப்போனார்கள். விட வந்தவர்களுக்குத்தான் முதல் பந்தி. இரண்டு வரிசையாகப் பாய் விரித்து, ஐம்பது அறுபது வாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஊறுகாய்கூட வைத்தாயிற்று. மூலையில் மூன்று அண்டாக்களில் பிரியாணி. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பங்கு என்றால் இத்தனை பேர் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதானே. ஓர் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு ஆளுக்கா மூணு அண்டா எறக்குனோம்?" இன்னொருத்தி மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அந்த ஊருக்கு இந்தச் சாமியப் புடிக்கலபோல. தொரத்தி விட்டுட்டாங்க" என்றாள்.

அது எனக்குச் சுரீர் என்றது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மரியதாஸ் சாமி திரும்பி நின்று சொன்னார். "எல்லாரும் வந்திருக்காங்கம்மா. கொஞ்சம் தூரத்துல நிக்கிறாங்க, அவ்வளவுதான்."

அதே நேரத்தில் சவரிமுத்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து காட்டினார். சாயங்காலம் அதிபர் வந்து கொடுப்பதற்காக, பூப் போட்டு, நடுவில் அவர்கள் கோயில் சாவியை வைத்திருந்தார்கள். அந்தச் சாவியைப் பார்த்ததும் என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

இரும்பு சுட்டது.

அக்காவிடம் கொடுக்கவில்லை. நீடாமங்கலம் கேட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில் புதுச்சாமி இருந்தபோது, அது என் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் அந்த வேன் ஆலத்தோப்பில் நிற்கும். கோயில் பூட்டு. சாமியார் வீடு பூட்டு. விருந்துக்கான அண்டா, தட்டு எல்லாம் அந்த வீட்டுக்குள். மறைவட்ட அதிபர் வருவார், பூட்டிய கதவைப் பார்ப்பார், நாலு கிழவிகளைப் பார்ப்பார். ஆயரிடம் போய் என்ன சொல்வார்? 'அங்க பங்குன்னு ஒண்ணும் இல்ல, ஒரு பூட்டுதான் இருக்கு' என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும்?

"சாமி, நான் கெளம்புறேன்" என்றேன். காரணம் சொன்னேன். சாமி கண்ணை மூடித் திறந்தார்.

"சாப்புடாம போகக்கூடாதுங்க" என்று சவரிமுத்து கையைப் பிடித்துக்கொண்டார். "விட வந்தவங்க கை நனைக்காம நாங்க யாரும் எலையில ஒக்காரக் கூடாது. ஊரே பசியா கெடக்கு."

அந்த இரண்டு வரிசை இலைகளில் ஒரே ஓர் இலையில் நான் உட்கார்ந்தேன். பந்தலைச் சுற்றி ஊரே நின்று பார்த்தது. ஒருவர் பிரியாணி வைத்தார், ஒருவர் முட்டை வைத்தார், ஒருவர் தயிர்ப்பச்சடி வைத்தார். பரிமாறுகிறவர்கள் அத்தனை பேருக்கும் நான் ஒருத்தன்தான் வேலை. வாயில் வைத்தது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போது மரியதாஸ் சாமி அங்கியைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, நீங்க இப்ப எங்க ஊருங்க. அந்தப் பக்கம் ஒக்காரக் கூடாது" என்றார் சவரிமுத்து.

"சாயங்காலம்தான் ஒங்க ஊரு. இன்னும் சாவி வாங்கல" என்றார் சாமி. "இப்ப நான் ஆலத்தோப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அதன் பிறகு சோறு இறங்கியது. எழுந்து கை கழுவியதும் சாமி என் நெற்றியில் சிலுவை போட்டார். "பயப்படாமப் போ சூசை" என்றார். ஐந்து வருஷமாக அவர் எனக்குச் சொன்னது அதுதான். நான்தான் அதைக் கேட்டு நடந்ததே இல்லை.

ஒரு பையன் மொபெட்டில் வல்லத்தில் விட்டான். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் எங்கள் ஊருக்கே போன் வருகிற மளிகைக் கடைக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். கடையைக்கூடப் பூட்டிவிட்டுப் போகிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? திரும்பி வந்த வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். நீடாமங்கலம் கேட் மறுபடியும் மூடியிருந்தது. காலையில் பாடிக்கொண்டு போன வேன்கள், சாமியார் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தன. எதிலும் பாட்டு இல்லை.

ஆலத்தோப்பு முக்கத்தில் இறங்கியபோது ஆறு தாண்டிவிட்டது, வெளிச்சம் இருந்தது. கோயில் பக்கம் ஓடினேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் அந்த வேன் நின்றது. ஆனால் ஆட்களைக் காணோம். நாலைந்து பேர்தான் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள். கோபித்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்களா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆரோக்கியமேரி அக்கா எதிரே வந்தார்.

"வாய்யா சாவிக்காரா! எங்கள அனாதையா விட்டுட்டுப் பிரியாணி தின்னுட்டு வந்தியா?"

"எல்லாம் எங்கக்கா?"

"அண்டா உள்ள, சாவி ஒன் இடுப்புல. எதுல பொங்குறது? வீட்டுக்கு நாலஞ்சு பேராப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டோம். வீட்டுல பொங்குனதத்தான் போட்டோம். சாப்புட்டுட்டு அங்கங்க படுத்துத் தூங்குதுங்க."

தெருவைப் பார்த்தேன். மாதக்கணக்கில் சாத்திக் கிடந்த முன்கதவுகள் திறந்திருந்தன. குவைத்துக்காரன் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டில் பத்துச் செருப்பு. என் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது.

அதிபர் வந்து இரண்டு மணி நேரமாகிறதாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாவியை நீட்டினேன். "ஆயர் உத்தரவோட வந்த ஆள நீ ஒருத்தன் வெளிய நிறுத்திட்டியேப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மணி அடித்தோம். எல்லா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதிபர் சாவியை வாங்கி இருதயராஜ் சாமி கையில் கொடுத்தார், அவர் கதவைத் திறந்தார். கோயில் நிறைந்துவிட்டது. பின்சுவர் வரைக்கும் ஆள். பாட்டு ஓடு அதிரக் கேட்டது. அத்தனையும் அடுத்த ஊர்ச் சனம்தான், இருந்தாலும் நானும் சேர்ந்து பாடினேன்.

பூசை முடிந்ததும் சாமியார் வீட்டைத் திறந்துவிட்டு, சாமான் இறக்கலாம் என்று வேனிடம் போனேன். கூரை காலி.

"தேட வேணாங்க" என்றார் புதுச்சாமி, பின்னாலேயே வந்து. கையில் ஒரு பை. "கட்டில் பொட்டியெல்லாம் வர்ற வழியிலயே வேலங்குடியில எறக்கியாச்சு. அங்கதான் தங்கப்போறேன்."

நான் அதிபரைப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். "பங்க எடுக்கலப்பா. ஆலத்தோப்பு பங்குதான். ஆனா ஆளு பத்தல. சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு இப்ப யாரு பையன அனுப்புறா? ரெண்டு பங்குக்கும் ஒரே சாமி. ஞாயித்துக்கிழமை பூசை உண்டு, சாவு கல்யாணத்துக்கு வருவார்."

ஆல்பர்ட்டின் கணக்கு பாதி சரி, பாதி தப்பு. பங்கு இருக்கிறது, சாமியார் இல்லை. சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

விட வந்தவர்கள் புறப்பட்டார்கள். வேலங்குடி வழியாகத்தான் வேன் போகவேண்டும், புதுச்சாமியும் அதிலேயே புறப்பட்டார். ஏறப்போனவர் நின்று, கயிற்றோடு சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் நீங்களே வச்சிருங்க சூசை. காலையும் சாயங்காலமும் தெறந்து மணி அடிங்க. யாரு வந்தாலும் வராட்டியும்."

வேன் திரும்பியதும் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. கோயிலைப் பூட்டினேன். சாமியார் வீட்டைப் பூட்டினேன். இப்போது சாவி மறதியில் இடுப்பில் இல்லை, உத்தரவின் பேரில் இருக்கிறது.

செங்கரட்டுப்பட்டியில் இந்நேரம் மரியதாஸ் சாமியும் சாவி வாங்கியிருப்பார். அந்த ஊரில் தண்ணீர் இல்லை, செம்மண்ணில் எதுவும் சுலபமாக விளையாது என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். இங்கே மேட்டூர் திறந்தால் வாசல்வரை தண்ணீர் வரும். ஆனால் அங்கே பந்தலைச் சுற்றி நின்றார்களே, அந்தப் பையன்கள் இங்கே இல்லை.

போன மாதம் போனில் செல்வி, "இங்கயே பக்கத்துல ஒரு ரூமு காலியா இருக்கு, பாக்கவா?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாள். திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்கவேண்டும். இருக்கிறது என்று சொன்னால் போதும், வராவிட்டாலும் அவள் எங்கள் பங்கில்தான் இருப்பாள். பூசை முடிந்து, கோயிலைப் பூட்டிவிட்டு, மளிகைக் கடைக்குப் போய் நிற்பேன். மணி அடித்தால் எடுப்பேன்.